மெத்தை மேல் பழி போட்டவள்

கேள்வி: 'தி குவைட் கேர்ள்' என்ற ஐரிஷ் படம் பார்த்தேன். ஒரு சிறுமி சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறாள், திரும்பி வருகிறாள். சண்டை இல்லை, திருப்பம் இல்லை, முடிவுகூட இல்லை. இது எப்படி ஆஸ்கர் வரை போனது? சின்ன மொழி என்று இரக்க மார்க் போட்டார்களா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: மார்க் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2023 ஆஸ்கரில் வெளிநாட்டுப் படங்களுக்கான இறுதிப் பட்டியலில் இருந்த ஐந்தில் இதுவும் ஒன்று. ஐரிஷ் மொழிப் படம் ஒன்று அந்த வரிசைக்கு வந்தது அதுவே முதல் தடவை. விருது ஜெர்மன் போர்ப் படத்துக்குப் போனது. இரக்கப்பட்டவர்கள் விருதையே கொடுத்திருக்க மாட்டார்களா? மொழிக்காகச் சலுகை கிடைத்தது உண்மைதான், ஆனால் அது படம் எடுக்க. ஐரிஷ் படங்களுக்கென்றே இருக்கும் 'சினி4' திட்டத்தில் பணம் வந்தது. மொத்தச் செலவு சுமார் 12 லட்சம் யூரோ. டிக்கெட் வாங்குகிறவர் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. அயர்லாந்திலும் பிரிட்டனிலும் சேர்த்து வசூலில் 10 லட்சம் யூரோவைத் தாண்டிய முதல் ஐரிஷ் மொழிப் படம் இது.

சரி, 'ஒன்றுமே நடக்கவில்லை' என்பதற்கு வருவோம். (படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

நடக்க வேண்டியது படம் தொடங்கும் முன்பே நடந்துவிட்டது. 1981 கோடையில் ஒன்பது வயது காட்ச் வந்து சேரும் அந்தப் பண்ணை வீட்டில், ஷான்–எவ்லீன் தம்பதிக்கு ஏற்கெனவே ஒரு பையன் இருந்தான். நாயின் பின்னால் போய் மாட்டுச் சாணக் குழியில் விழுந்து இறந்துபோனான். இதைக் காட்டவே மாட்டார்கள். வம்பு பேசும் பக்கத்து வீட்டுக்காரி வாயிலிருந்துதான் வரும். அதற்கு வெகு நேரம் முன்பே, மாட்டுக் கொட்டகையில் சிறுமி ஒரு நிமிடம் கண்ணில் படாமல் போனதற்கு ஷான் கத்துகிறாரே, அது ஏனென்று அப்போது நமக்குப் புரியாது. முரட்டு மனிதர் என்று நினைத்துக்கொள்வோம். அப்புறம் ஒரு நாள் சமையலறை வழியாகப் போகிறவர், அவளைப் பார்க்காமலே மேஜை மேல் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். ஒரு வார்த்தை கிடையாது. நீங்கள் கேட்ட திருப்பம் அந்த பிஸ்கட்தான் ஐயா.

முதல் இரவு சிறுமி படுக்கையை நனைத்துவிடுகிறாள். காலையில் எவ்லீன், இந்தப் பழைய மெத்தைகளே இப்படித்தான், ஈரம் கசியும் என்று மெத்தை மேல் பழியைப் போட்டுவிட்டு அதை வெளியே இழுத்துப் போகிறாள். ஒரு குழந்தையின் மானத்தை இவ்வளவு சுருக்கமாகக் காப்பாற்றிய இன்னொரு காட்சி எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

மொழியைப் பற்றிக் கேட்டீர்களே, அதையும் கவனித்திருக்கலாம். அம்மாவும் பிள்ளைகளும் ஐரிஷ் பேசும் வீட்டில் அப்பா மட்டும் ஆங்கிலம் பேசுகிறார், பெற்ற மகளிடம்கூட. வந்த இடத்தில் ஷானும் எவ்லீனும் அவளிடம் அவள் மொழியில் பேசுகிறார்கள். கிளேர் கீகனின் மூலக்கதை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆக இது இயக்குநர் கொலம் பரேட் தாமே சேர்த்தது. கேமராவும் அப்படித்தான். ஒளிப்பதிவாளர் கேட் மக்கல்லோ படத்தை ஏறக்குறைய சதுரச் சட்டத்தில் எடுத்திருக்கிறார். பெரியவர்கள் பாதி உடம்போடுதான் உள்ளே வருகிறார்கள். ஒரு சிறுமியின் உயரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தானே தெரியும்!

எனக்கும் ஒரு குறை உண்டு. அப்பாவைக் கொஞ்சம் அதிகமாகவே கெட்டவராக்கிவிட்டார்கள். சீட்டாட்டத்தில் பசுவைத் தோற்றார், குடிக்கிறார், மகளை இறக்கிவிட்ட அவசரத்தில் அவள் பெட்டியைக்கூட எடுத்து வைக்காமல் காரை ஓட்டிக்கொண்டு போகிறார். ஒன்றிரண்டைக் குறைத்திருந்தாலும் அவர் யாரென்று நமக்குத் தெரிந்திருக்கும்.

முடிவு இல்லை என்கிறீர்கள். கடைசியில் காட்ச் ஓடிப்போய் ஷானைக் கட்டிக்கொள்கிறாள். அவர் தோளுக்கு மேலே, பெற்ற அப்பா நடந்து வருவது அவளுக்குத் தெரிகிறது. 'அப்பா' என்கிறாள், வருகிறார் என்று எச்சரிப்பது போல. பிறகு இன்னும் தாழ்ந்த குரலில் அதே சொல் மறுபடி. அந்த இரண்டாவது வரும்போது நீங்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.