ஈகோவைக் குறைப்பதா, வளர்ப்பதா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மாரத்தஹள்ளியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். சில மாதங்களுக்கு முன் நான் எழுதிய நிரலில் குழுத்தலைவர் குறை சொன்னபோது எல்லோர் முன்னிலும் பதிலுக்குப் பதில் பேசிவிட்டேன். “உனக்கு ஈகோ அதிகம், குறைத்துக்கொள்” என்றார். பிறகு தூக்கம் கெட்டு ஓர் உளவியல் ஆலோசகரிடம் போனேன். மூன்றாவது அமர்வில் அவர், “உங்கள் ஈகோ பலவீனமாக இருக்கிறது, அதை வலுப்படுத்த வேண்டும்” என்றார். என் அப்பாவோ தேவாரம் ஓதுபவர்; ஆணவம் அறுவதே வீடுபேறு என்று சொல்லி வளர்த்தவர். ஒருவர் குறை என்கிறார், ஒருவர் வளர் என்கிறார், ஒருவர் அறு என்கிறார். யார் சொல்வது சரி? ‘ஈகோ’ பற்றிப் பேசிய ஃபிராய்டே காலாவதியாகிவிட்டார் என்கிறார்களே, பிறகு ஏன் இந்தச் சொல்லை விடாமல் வைத்திருக்கிறோம்?

ச.
மாரத்தஹள்ளி, பெங்களூரு

அன்புள்ள ச.,

மூவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசியிருந்தால்தானே அவர்களில் யார் சரி என்று கேட்க முடியும்? உங்களைக் குழப்பியது ஒரு சொல்லின் பயணம். அதைத் தொடங்கிய இடத்திலிருந்து சொல்கிறேன்.

நோயாளியைப் பேசவைத்து மனத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய வியன்னா மருத்துவர் ஃபிராய்டு, தம் நூலில் ‘ஈகோ’ என்று எழுதவில்லை. 1923இல் வெளிவந்த அந்தச் சிறு நூலில் அவர் எழுதியது ‘இஷ்’ என்னும் ஜெர்மன் சொல். ‘நான்’ என்று பொருள். தண்ணீர் கேட்கும் ஜெர்மன் குழந்தைகூடச் சொல்லும் சொல். அதற்கு இணையாக நின்றது ‘எஸ்’, அதாவது ‘அது’, நமக்குள் முட்டும் ஆசைகளின் கிடங்கு; மூன்றாவது ‘மேல்நான்’, நம்மைக் கண்டிக்கும் உள்குரல். இவற்றில் ‘அது’ என்பதை பாடன்-பாடனில் மருத்துவமனை நடத்திவந்த கியோர்க் குரோடெக் என்ற மருத்துவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாக ஃபிராய்டே சொல்கிறார். 1927இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது இந்த வீட்டுச் சொற்கள் ‘ஈகோ’, ‘இட்’, ‘சூப்பர்-ஈகோ’ என்று லத்தீன் உடை உடுத்திக்கொண்டன. பின்னர் ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி பதிப்பித்த 24 தொகுதிகள் அந்த உடையையே நிலைநிறுத்திவிட்டன. மருத்துவர்களுக்கு லத்தீன் மேல் உள்ள மோகம் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தவறைச் செய்யவில்லை; தங்கள் அன்றாடச் சொற்களையே வைத்துக்கொண்டார்கள். நமக்கு ஃபிராய்டு ஆங்கிலம் வழியாக வந்ததால், ‘நான்’ என்ற சொல் தொல்காப்பியக் காலத்து ‘யான்’ தொடங்கி வீட்டிலேயே இருந்தும், ‘ஈகோ’ என்ற விருந்தாளியைக் கூட்டிவந்தோம். அது சினிமாவிலும் அலுவலகத்திலும் புழங்கிப் புழங்கிச் ‘செருக்கு’ என்ற ஒற்றைப் பொருளுக்குச் சுருங்கிவிட்டது. உங்கள் குழுத்தலைவர் சொன்னது இந்தச் சுருங்கிய சொல்லைத்தான்.

ஃபிராய்டு 1923இல் எதற்காக இந்த மூன்று சொற்களைத் தேடிப் போனார் என்பது முக்கியமானது. அதுவரை அவரிடம் இருந்த வரைபடம் எளிமையானது. 1880 முதல் 1882 வரை வியன்னாவில் யோசெஃப் பிராயர் என்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். தன் நோய்க்குறிகள் ஒவ்வொன்றும் எப்போது தொடங்கின என்று அவள் பேசப் பேச அவை விலகின என்று பிராயர் எழுதினார். (அவள் பிராயர் சொன்ன அளவுக்கு முழுமையாகக் குணமாகவில்லை என்பதும், பின்னாளில் தன் சொந்தப் பெயரில் பெரிய சமூகப் பணியாளராக உயர்ந்தாள் என்பதும் வரலாறு.) பிராயரும் ஃபிராய்டும் சேர்ந்து 1895இல் வெளியிட்ட நூலின் மையக் கருத்து, தாங்க முடியாத ஓர் எண்ணத்தை மனம் தன் பார்வையிலிருந்து தள்ளி வைக்கிறது, தள்ளி வைக்கப்பட்டது உடலின் வழியாகத் திரும்பி வருகிறது என்பது. அந்த வீட்டுக்கு இரண்டு அறைகள்: முன்னறையில் நனவு, பின்னறையில் நனவிலி, அதாவது நமக்கே தெரியாத மனப்பகுதி. தள்ளுபவர் ‘நான்’, தள்ளப்பட்டது ‘மற்றது’.

சிகிச்சை அறையில் உட்கார்ந்து பல ஆண்டுகள் கேட்டபோது இந்த வரைபடம் பொருந்தவில்லை. நோயாளி ஒருவர் தாம் தள்ளி வைத்த ஏதோ ஒன்றை நெருங்கி வருகிறார். அந்த நேரம் பார்த்துப் பேச்சை மாற்றுகிறார், அல்லது அடுத்த நாள் வர மறந்துபோகிறார், அல்லது தலையில் எதுவுமே தோன்றவில்லை என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. தடுப்பது தாம்தான் என்பது அவருக்கே தெரியாது. அப்படியானால் தடுப்பது யார்? அழுத்தி வைக்கப்பட்ட எண்ணம் வெளியே வரத்தான் முட்டுகிறது, அது தடுக்காது. தடுப்பது காவல்காரனாகிய ‘நான்’. ஆனால் அந்தக் காவல்காரனுக்குத் தான் காவல் காப்பது தெரியவில்லை. ‘நான்’ என்பதிலேயே ஒரு பெரும்பகுதி நனவிலியில் கிடக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் இது. ‘நனவு என்றால் நான்’ என்ற சமன்பாடு உடைந்தது. புதிய வரைபடம் தேவைப்பட்டது. உளப்பகுப்பாய்வின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுவே. தம் கொள்கைக்கு எதிரான சான்றைத் தம் நாற்காலிக்கு முன்னே நோயாளிகள் படுத்துப் பேசிய படுக்கையிலிருந்தே ஒருவர் எடுத்துக்கொண்ட தருணம் அது.

இந்தப் புதிய ‘நான்’ செருக்குள்ள அரசன் அல்ல. வெளியுலகம், ‘அது’, ‘மேல்நான்’ என மூன்று எசமானர்களுக்கு ஒரே நேரத்தில் ஊழியம் செய்து, மூவரையும் சமாதானப்படுத்த முடியாமல் திண்டாடும் ஒரு குமாஸ்தா. குதிரைமேல் இருப்பவன் என்றும் ஃபிராய்டு உவமித்தார்: குதிரை போக விரும்பும் இடத்துக்கே பல நேரம் அதை ஓட்டிச் சென்று, அது தன் விருப்பம்தான் என்று காட்டிக்கொள்பவன். 1936இல் அவர் மகள் அன்னா இந்தக் குமாஸ்தாவின் தற்காப்பு முறைகளை வரிசைப்படுத்தி எழுதினார். ஹிட்லருக்குத் தப்பி வியன்னாவிலிருந்து வெளியேறிய பகுப்பாய்வாளர்களில் பலர் அமெரிக்கா சென்றார்கள். அங்கே ஹைன்ஸ் ஹார்ட்மன் போன்றவர்கள் கையில் ‘நானின் வலிமை’ என்பது சிகிச்சையின் இலக்காகவே ஆயிற்று. ஏமாற்றத்தைத் தாங்குவது, ஆசையை ஒத்திப்போடுவது, தன் மனத்தில் ஓடுவதையும் வெளியே நடப்பதையும் பிரித்தறிவது, இவையே அந்த வலிமை. உங்கள் ஆலோசகர் பேசியது இந்த மரபின் மொழி. உங்கள் மனத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் பொதுவாக ஒன்றைச் சொல்லலாம்: ஒரு குறையைக் குறையாக மட்டும் கேட்டுக்கொள்ள முடியாமல், அதைத் தன்மேல் விழுந்த தீர்ப்பாக எடுத்துக்கொண்டு பொங்குகிறவரைச் சுற்றியிருப்பவர்கள் ‘ஈகோ அதிகம்’ என்பார்கள், சிகிச்சையாளர் ‘ஈகோ பலவீனம்’ என்பார். இருவரும் பார்த்தது ஒரே நிகழ்ச்சியாக இருக்க முடியும்.

பாரிசில் ழாக் லக்கான் என்ற பகுப்பாய்வாளர் இப்படி ‘நானை’ வலுப்படுத்துவதை ஏற்கவில்லை. ‘நான்’ என்பதே குழந்தை கண்ணாடியில் கண்டு மயங்கிய ஒரு பிம்பம், அதை வலுப்படுத்துவது மயக்கத்தை வலுப்படுத்துவதே என்றார். அவரும் உங்கள் அப்பாவும் சந்தித்திருந்தால் சிறிது நேரம் ஒத்துப்போய், பிறகு கடுமையாகச் சண்டை போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் அப்பா சொன்னதற்கு வருகிறேன். சைவ சித்தாந்தத்தில் ஆணவம் ஒரு மலம். உயிரை அநாதியாக மறைத்து நிற்கும் இருள். அகங்காரம் வேறு, அது மனம், புத்தி, சித்தம் ஆகியவற்றோடு எண்ணப்படும் அந்தக்கரணம், அதாவது ஒரு கருவி. நம் மரபே இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கும்போது, ‘ஈகோ’ என்ற ஒரு சொல்லால் இரண்டையும் மூடியது நாம்தான். ஃபிராய்டின் ‘நான்’ ஏதாவது ஒன்றின் அருகே வருமென்றால் அது கருவியின் அருகேதான், மலத்தின் அருகே அல்ல. ‘யான் எனதென்னும் செருக்கறுப்பான்’ என்ற குறளிலும் அறுக்கப்படுவது செருக்கே. பரிமேலழகர் அதை, தான் அல்லாத உடம்பை ‘யான்’ என்று கருதும் மயக்கம் என்று விளக்குகிறார். அந்த மயக்கத்தை அறுக்கும் பயிற்சிக்கும் நல்ல நிலையில் உள்ள கருவி வேண்டும். உடைந்த கத்தியால் எதையும் அறுக்க முடியாது.

ஃபிராய்டின் சொற்கள் நமக்குப் பொருந்துமா என்ற கேள்வியை முதலில் எழுப்பிய இந்தியர் நீங்கள் அல்ல. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் 1921இல் தம் ஆய்வேட்டை ஃபிராய்டுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கினார். ஆசைகள் எப்போதும் எதிரெதிர் இணைகளாகவே இருக்கின்றன, அடிக்கும் ஆசைக்குள் அடிபடும் ஆசையும் உண்டு என்பது அவர் கொள்கை. தம் இந்திய நோயாளிகளிடம் கண்டது ஃபிராய்டின் விவரிப்போடு முழுதும் பொருந்தவில்லை என்று ஃபிராய்டுக்கு எழுதிய கடிதத்திலேயே வாதிட்டார். உங்கள் ஊரிலேயே, இப்போது நிம்ஹான்ஸ் என்று அறியப்படும் மனநல நிறுவனத்தில், 1960களில் என். சி. சூர்யா போன்ற மருத்துவர்கள் மேலைச் சிகிச்சை முறை இங்கு அப்படியே செல்லுமா என்று கேட்டார்கள். (அந்தப் பெயரை வசையாக வீசும் வழக்கம் பெங்களூரில் இன்னும் போகவில்லை என்பது வருத்தம்.) பஞ்சாபிக் கவிஞரும் மனநல மருத்துவருமான ஜஸ்வந்த் சிங் நேகி 1973இல் குரு–சீடன் உறவையே ஒரு சிகிச்சை மாதிரியாக முன்வைத்தார். பம்பாயில் இந்தியர்களோடு பணியாற்றிய அமெரிக்கப் பகுப்பாய்வாளர் ஆலன் ரோலண்ட், இந்தியரின் தன்னுணர்வில் ‘நானை’விட ‘நாம்’ முந்தி நிற்கிறது என்று ஒரு நூலில் எழுதினார். கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, விலக்கும் ‘நாங்கள்’ என்று இரண்டு சொற்கள் தமிழில் இருப்பதை யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால் அந்த நூலுக்கு இன்னொரு அத்தியாயம் கிடைத்திருக்கும்.

ஃபிராய்டு காலாவதியானாரா என்றால், அவர் சொன்னவற்றில் பல இன்று நிற்கவில்லை, சரிபார்க்கவே முடியாத வகையில் சிலவற்றைச் சொன்னார் என்ற அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரின் குற்றச்சாட்டிலும் வலு உண்டு. ஆனால் இன்று அவருக்கு மாற்றாகச் சொல்லப்படும், தவறான எண்ணப் போக்குகளைத் திருத்த முயலும் அறிவாற்றல் சிகிச்சையைத் தொடங்கிய ஆரன் பெக்கும் உளப்பகுப்பாய்வில் பயின்று வெளியே வந்தவர்தான். அந்தப் படுக்கையிலிருந்து எழுந்துதான் மற்றவர்கள் நடந்தார்கள்.

அடுத்த அமர்வில் உங்கள் ஆலோசகரிடம், ‘ஈகோ’ என்ற சொல் இல்லாமல் அதே வாக்கியத்தைச் சொல்லும்படி கேளுங்கள். தமிழ் தெரியாதவரானால் கன்னடத்தில் சொல்லட்டும். அங்கே அது ‘நானு’.