பன்னிரண்டு மாத நோட்ஸை ஒரே நாளில் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் அடுத்த ஆண்டு யுபிஎஸ்சி சிவில் சர்வீசஸ் தேர்வு எழுதப்போகிறாள். ஒரு பயிற்சி மையத்தின் நடப்பு நிகழ்வுகள் மாத இதழுக்கு ஓராண்டுச் சந்தா கட்டச் சொல்கிறாள். அச்சு இதழ், பிடிஎஃப், ஆண்டுத் தொகுப்பு, டெஸ்ட் சீரிஸ் எல்லாம் ஒரே பேக்கேஜ். 'சென்ற ப்ரிலிம்ஸில் (முதல்நிலைத் தேர்வு) 70 கேள்விகள் எங்கள் நோட்ஸிலிருந்து' என்று விளம்பரம் வேறு. இன்று இரவு 12 மணியோடு சலுகை முடிகிறதாம். கட்டிவிடட்டுமா? (நாமக்கல்லிலிருந்து ஒரு தாய்)

பதில்: 12 மணி அடிக்கட்டும். நாளைக் காலையிலும் அந்தச் சலுகை அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவர்கள் காட்டியது பொய் அவசரம். இப்படி வாங்க வைப்பதை 2023 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த 'டார்க் பேட்டர்ன்' (வாங்குபவரை ஏமாற்றும் இணைய உத்திகள்) பற்றிய வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன.

அப்புறம் அந்த 70. ப்ரிலிம்ஸ் பொது அறிவுத் தாளில் மொத்தமே 100 கேள்விகள்தான். அவற்றில் பலவற்றுக்கு விடை, பள்ளிப் புத்தகத்திலும் அரசியலமைப்பிலும் இருக்கும். மாதம் நூறு பக்கம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1,200 பக்கம். இவ்வளவு பெரிய குவியலில் எந்தக் கேள்வியைத் தேடினாலும் ஏதாவது ஒரு வரி கிடைத்துவிடும். ஒரு நாட்டின் அண்டை நாடுகள் எவை என்பது கேள்வி. அந்த நாட்டில் தேர்தல் நடந்தது என்பது நோட்ஸில் உள்ள வரி. இதையும் 'எங்களிடமிருந்து வந்தது' என்று கணக்கில் சேர்த்தால் 70 என்ன, 90கூட வரும்.

நீங்களே சோதிக்கலாம். பழைய வினாத்தாள்கள் யுபிஎஸ்சி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கடைசியாக நடந்த தேர்விலிருந்து பத்து நடப்பு நிகழ்வுக் கேள்விகளை மகள் எடுக்கட்டும். தேர்வுக்கு முன்பு வந்த இரண்டு இதழ்களை மையத்திடம் மாதிரிக்குக் கேளுங்கள். அதே சேதிகள் அவற்றில் வந்திருந்தால், அதைப் படித்தவருக்கு விடை தேறியிருக்குமா, தலைப்பு மட்டும்தான் கண்ணில் பட்டிருக்குமா என்று பார்க்க வேண்டும். தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும் தேர்வில், அரைகுறையாகத் தெரிந்திருப்பது ஆபத்து.

எனக்குப் பிடித்த சோதனை இன்னொன்று உண்டு. பெண்களுக்கான 33 சதவீத இடஒதுக்கீடு பற்றிய பக்கத்தைப் புரட்டுங்கள். 2023இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது 128ஆவது திருத்த மசோதா. சட்டமானபோது அது 106ஆவது திருத்தம். ஜிஎஸ்டியிலும் இதே கதைதான்: மசோதா 122, சட்டம் 101. '128ஆவது திருத்தச் சட்டம்' என்று அச்சாகியிருந்தால், தயாரித்தவர் மசோதா வந்த நாள் செய்தியை வெட்டி ஒட்டிவிட்டு, பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அந்த இதழை வைத்துவிட்டு வரலாம்.

நோட்ஸில் இருக்கும் தகவலுக்கு நீங்கள் பணம் கொடுக்கவில்லை. அரசு அறிவிப்புகள் பத்திரிகைத் தகவல் அலுவலகத் தளத்தில் இருக்கின்றன. மசோதாக்களின் சுருக்கத்தையும் மாதாந்திரக் கொள்கைத் தொகுப்பையும் பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பு இலவசமாகத் தருகிறது. பொருளாதார ஆய்வறிக்கையும் அப்படித்தான். எதை விடலாம் என்று ஒருவர் உட்கார்ந்து கழித்துத் தருகிறாரே, அந்த உழைப்புக்குத்தான் காசு. கழிக்கவே கழிக்காமல் 200 பக்கம் தருபவரிடம் வாங்குவதில் லாபம் இல்லை.

ஆகவே முதலில் தனி இதழாக இரண்டு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். அடுத்த இதழ் வருவதற்குள் மகள் முந்தையதை முடித்தால் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம். பிளாஸ்டிக் உறை கிழிக்காத இதழ்கள் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருக்கும் வீடுகள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். பேக்கேஜாகவே வாங்குவதென்றால் பில்லில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை போடச் சொல்லுங்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, பயிற்சிக் கட்டணத்துக்கு 18 சதவீதம். மொத்தமாக ஒரே தொகை போட்டால் எதற்கு எவ்வளவு வரி கட்டினோம் என்றே தெரியாது.

கேள்வி: பயிற்சி மைய விளம்பரங்களில் ரேங்க் வாங்கியவர்களின் படங்கள். ஒரே முகம் மூன்று மையங்களின் விளம்பரத்தில் இருக்கிறது. எப்படி? (மதுரை வாசகர்)

பதில்: பொய்யாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஓரிடத்தில் டெஸ்ட் சீரிஸ், இன்னோரிடத்தில் நோட்ஸ், மூன்றாவது இடத்தில் இலவச மாதிரி நேர்காணல் என்று போயிருப்பார். மூவரும் 'எங்கள் மாணவர்' என்பார்கள். பயிற்சித் துறை விளம்பரங்களுக்கென்று 2024 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்களின்படி, வெற்றி பெற்றவரின் பெயர், ரேங்கோடு எந்தப் படிப்பில் சேர்ந்தார், எவ்வளவு காலம், பணம் கட்டியா என்பதையும் சொல்ல வேண்டும். தேர்வான பிறகு அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்கவும் வேண்டும். மீறினால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பல மையங்களுக்கு விதித்தும் இருக்கிறது.

கேள்வி: அதே நோட்ஸ் டெலிகிராமில் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறதே? (பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: விற்பவர் செய்வது பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி குற்றம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு நாற்பது பக்கம் காணவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? பில் இல்லை, முகவரி இல்லை, குழுவே மறுநாள் காணாமல் போகும். காசு இல்லை என்பதுதான் காரணம் என்றால், நான் மேலே சொன்ன இலவசத் தளங்களே போதும். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தேர்வு வைத்து 1,000 பேருக்கு ப்ரிலிம்ஸ் தயாரிப்புக்காக மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். அதற்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: அச்சு இதழுக்கு ஓராண்டுச் சந்தாவை ஆன்லைனில் கட்டினேன். ஐந்து இதழ் வந்தது. பிறகு இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை. கேட்டால், 'அச்சை நிறுத்திவிட்டோம், ஆப்பில் பிடிஎஃப் பாருங்கள், பணம் திரும்பத் தரும் வழக்கம் இல்லை' என்கிறார்கள். (கரூர் வாசகர்)

பதில்: வழக்கம் அவர்களுடையது, சட்டம் நம்முடையது. நீங்கள் வாங்கியது அச்சு இதழ். அதற்குப் பதில் வேறொன்றை உங்கள் தலையில் கட்ட அவர்களுக்கு உரிமை இல்லை. குறையுள்ள சேவைக்குப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்ப மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது.

இனிமேல் தொலைபேசியில் பேசாதீர்கள். மின்னஞ்சலில் எழுதுங்கள்: கட்டிய தேதி, தொகை, வந்த இதழ்கள், வராதவை, ஏழு மாதத்துக்குத் திரும்பி வர வேண்டிய தொகை. அதை அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். இணைய வணிக விதிகள் 2020இன்படி அவர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 'அச்சு இதழ் வீட்டுக்கே வரும்' என்ற பழைய விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதலில் மாறுவது அதுதான்.

நகரவில்லையா, 1915க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. நிறுவனத்தோடு பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மையம் டெல்லியில் இருந்தாலும் கரூரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும். ஏழு இதழின் காசுக்கா இவ்வளவு என்று வீட்டில் கேட்பார்கள். பெரும்பாலும் மின்னஞ்சலோடு அல்லது 1915ஓடு முடிந்துவிடும், கவலை வேண்டாம்.

கேள்வி: மெயின்ஸை (முதன்மைத் தேர்வு) தமிழில் எழுத நினைக்கிறேன். தமிழ் நோட்ஸ் வாங்கலாமா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: ப்ரிலிம்ஸ் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். ஆகவே பெயர்களும் கலைச்சொற்களும் ஆங்கிலத்திலும் பழகியிருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் தமிழ் நோட்ஸில் பெரும்பகுதி டிஎன்பிஎஸ்சிக்காகத் தயாரானது. யார், எங்கே, எப்போது என்பதோடு அது நின்றுவிடும். மெயின்ஸ் கேட்கும் 'ஏன்' அதில் கிடைக்காது. வாங்குவதற்கு முன் நாலு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். 'மக்களவையில் ரசீது நிறைவேறியது' என்று எங்காவது இருந்தால், மசோதாவைக் குறிக்கும் 'பில்' ரசீதாகிவிட்டது: இயந்திரம் மொழிபெயர்த்தது, யாரும் திருத்தவில்லை. மெயின்ஸ் தமிழுக்கு மத்திய அரசின் யோஜனா மாத இதழின் தமிழ்ப் பதிப்பான 'திட்டம்' இதழையும், பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் தமிழ் வெளியீடுகளையும் படியுங்கள். நடை கொஞ்சம் வறண்டுதான் இருக்கும், ஆனால் சொற்கள் கிடைக்கும்.

கேள்வி: அண்ணன் 2024இல் வாங்கிய தொகுப்பு வீட்டில் இருக்கிறது. போதாதா? (ஈரோடு வாசகர்)

பதில்: ஒரு திட்டம் ஏன் வந்தது, ஓர் அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதற்கெல்லாம் அண்ணனுடையதே போதும். எண்களுக்கு ஆகாது. தமிழ்நாட்டின் ராம்சர் ஈரநிலங்களையே (சர்வதேச முக்கியத்துவம் பெற்றவை) பாருங்கள். 2024 ஜனவரி முடிவில் 16. அந்த ஆகஸ்டில் நஞ்சராயனும் கழுவெளியும் சேர்ந்து 18. 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்து 20. அண்ணனின் தொகுப்பு எந்த மாதம் அச்சானது என்று முதல் பக்கத்தில் பார்த்துவிட்டு, எண் வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அவற்றை மட்டும் புதிதாகச் சரிபார்த்தால் போதும்.