நான்கு பவுன், நான்கு கடன்: எதை முதலில் அடைப்பது?

கேள்வி: நாங்கள் திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர், நான் செக்கிங். வாரச் சம்பளம் அவருக்கு 5,000, எனக்கு 2,800. பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். வாடகை 6,500. கிரெடிட் கார்டில் 62,000 ரூபாய் பாக்கி, மாதம் 3,100 கட்டுகிறோம். நான்கு பவுன் நகையை இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு நிதி நிறுவனத்தில் 1,50,000 ரூபாய்க்கு 18 சதவீத வட்டியில் அடகு வைத்தோம். ஆண்டுக்கு ஒருமுறை வட்டி கட்டித் திருப்பி வைக்கிறோம். மைக்ரோ பைனான்ஸ் குழுக் கடன் மாதம் 3,170 வீதம் இன்னும் 14 தவணை. தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு 40,000. இது போக 50,000 ரூபாய் ஏலச்சீட்டு, மாதம் 2,500. 20 மாதத்தில் எட்டு முடிந்தது, இன்னும் எடுக்கவில்லை. எல்லாக் கடனையும் ஒன்றாக்க 3 லட்சம் தனிநபர் கடன் தருவதாக ஒருவர் சொல்கிறார், மூன்று ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றே கால் வட்டிதானாம். வாங்கலாமா? அல்லது நகையை விற்றுவிடலாமா? பாலைக்கூடக் குறைத்துப் பார்த்துவிட்டோம், மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. செலவுப் பட்டியலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முதலில் பாலைப் பழையபடி வாங்குங்கள். உங்கள் பணம் போகும் ஓட்டை அங்கே இல்லை.

உங்கள் நான்கு கடனையும் ஊர்க் கணக்கில், அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு என்று எழுதிப் பார்ப்போம். நகைக்கடன் ஒன்றரை வட்டி. குழுக் கடனில் நீங்கள் கட்டும் தவணையை வைத்துப் பார்த்தால் இரண்டு வட்டி. தெரிந்தவர் மூன்று வட்டி. கிரெடிட் கார்டு? பெரும்பாலான கார்டுகளில் பாக்கித் தொகைக்கு மாதம் மூன்றரை சதவீதம் அல்லது அதை ஒட்டிய வட்டி. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டையும் சேர்த்தால் நூற்றுக்கு நான்கு ரூபாய் 13 காசு. தெரு முனையில் நான்கு வட்டிக்கு ஒருவர் பணம் கொடுத்தால் வாங்க யோசிப்பீர்கள். அதைவிடக் கூடுதல் வட்டிக்குத்தான் அந்த அட்டை உங்கள் பர்ஸில் இருக்கிறது.

62,000 ரூபாய்க்கு இந்தக் கணக்கில் ஒரு மாத வட்டியும் வரியும் சுமார் 2,560. நீங்கள் கட்டுவது 3,100. அசலில் கழிவது 540 ரூபாய். இதில் இன்னொன்றும் உண்டு. பாக்கி இருக்கும்வரை அந்தக் கார்டில் வாங்கும் புதுப் பொருளுக்கு 'நாற்பது, ஐம்பது நாள் வட்டி இல்லை' என்ற சலுகை கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். உங்கள் பட்டியலில் மாதா மாதம் 700, 800 ரூபாய்க்கு மளிகையைக் கார்டில் வாங்கியிருக்கிறீர்கள். கழிந்த 540 அங்கேயே திரும்பி ஏறிவிடுகிறது. இரண்டு ஆண்டாகத் தவறாமல் கட்டியும் பாக்கி குறையாததற்கு இதுதான் காரணம். உங்கள் சிக்கனத்தில் குறையில்லை.

பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான் உங்கள் வீட்டிலும் நடக்கிறது. குழுக் கடனுக்கு ஆள் வருகிறார், கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள், அதனால் அதை முதலில் கட்டுகிறோம். தெரிந்தவர் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது, அது அடுத்து. கார்டுக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும்தான் வருகிறது, 'குறைந்தபட்சம் இவ்வளவு' என்று. அடைக்கும் வரிசையைச் சத்தம் தீர்மானிக்கிறது. வட்டி தீர்மானிக்க வேண்டும்.

இனி அந்த 3 லட்சம். ஒன்றே கால் வட்டி என்று அவர் சொல்வது, கடைசித் தவணை வரை முழு 3 லட்சத்துக்கும் கணக்கிடும் வட்டி. மூன்று ஆண்டுக்கு 1,35,000 ரூபாய் வட்டி சேர்ந்து மாதத் தவணை 12,083 வரும். நீங்கள் மாதா மாதம் அசலைக் குறைத்துக்கொண்டே போகிறீர்கள் என்பதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 26 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஒன்றே கால் என்பது இரண்டுக்கு மேல் போய்விட்டது. இதில் பரிசீலனைக் கட்டணம், காப்பீடு என்று முன்னதாகப் பிடிப்பது தனி. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் தரும் வங்கியும் நிதி நிறுவனமும் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டியைத் தனித் தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைக் கேளுங்கள். அதற்குப் பிறகு அவர் எத்தனை முறை போன் செய்கிறார் என்று பாருங்கள். எப்படியிருந்தாலும், கார்டுக்கும் குழுவுக்கும் தெரிந்தவருக்கும் சேர்த்து இப்போது 7,470 கட்டத் திணறும் வீடு 12,083 கட்ட முடியாது. வேண்டாம்.

நகையை விற்கவும் வேண்டாம், இப்போதைக்கு. விற்றால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. அடகு நகையைத் தாங்களே மீட்டு வாங்கிக்கொள்வதாகச் சொல்பவர்கள் பிடித்தம் போடுவதில் கைதேர்ந்தவர்கள். ஆனால் நகை இருக்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

பொதுத்துறை வங்கிகளில் நகைக்கடன் வட்டி ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ஊர்க் கணக்கில் ஒரு வட்டிக்கும் கீழே. நீங்கள் அடகு வைத்த பிறகு தங்கம் விலை ஏறியிருக்கும் ஏற்றத்துக்கு, அதே நான்கு பவுனுக்கு 2,12,000 ரூபாய் கிடைப்பதில் சிரமம் இருக்காது. அந்தத் தொகையில் 1,50,000 நிதி நிறுவனத்துக்கு, 62,000 கார்டுக்கு. இப்போது நகைக்கு மாதம் 2,250, கார்டுக்கு 2,560 என்று 4,810 ரூபாய் வட்டிக்கே போகிறது. மாற்றிய பிறகு 2,12,000க்கும் சேர்த்து சுமார் 1,770. ஒரு காபியைக்கூட நிறுத்தாமல் மாதம் 3,000 ரூபாய் மிச்சம். வீட்டுச் செலவில் இந்த 3,000 ரூபாயைப் பிடிக்க நீங்கள் எத்தனை பேரிடம் சண்டை போட வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

செய்முறையில் ஒரு முடிச்சு உண்டு. நகையை மீட்கக் கையில் 1,50,000 வேண்டும், வங்கியோ நகை வந்தால்தான் பணம் தரும். சில வங்கிக் கிளைகள் தாங்களே நேரடியாக அடைத்து நகையை எடுத்துக்கொள்கின்றன; டேக் ஓவர் என்று கேளுங்கள். அந்த வசதி இல்லையென்றால் உறவினர் ஒருவரிடம் அரை நாளுக்கு வாங்கி, அன்றே வங்கியில் வைத்து, அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும். போவதற்கு முந்தைய நாளே வங்கியில் எடையும் மதிப்பும் எப்படிப் போடுவார்கள், எவ்வளவு கிடைக்கும் என்று விசாரித்துவிடுங்கள். ஆண்டு வட்டி கட்டும் தேதியை ஒட்டி மாற்றினால் கணக்கு எளிது. நிதி நிறுவன ரசீதின் பின்பக்கத்தையும் படியுங்கள்: வட்டியை மாதா மாதம் கட்டினால் ஒரு விகிதம், நிலுவையில் விட்டால் கூடுதல் விகிதம் என்று பல திட்டங்களில் இருக்கும். 18 என்று நீங்கள் நினைப்பது 18தானா என்பது அங்கே தெரியும்.

வங்கி மதிப்பீட்டாளர் 'இன்னும் ஒரு லட்சம் வரை தரலாம்' என்று சொல்லக்கூடும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். 2,12,000க்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம். உச்ச வரம்பு வரை வாங்கிவிட்டால் தங்கம் விலை இறங்கும் நாளில் வித்தியாசத்தைக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். கார்டு பாக்கியை அடைத்த அன்றே கணக்கை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள்; அட்டையை வெட்டிப் போடுவது மட்டும் போதாது. இந்த ஒன்றைச் செய்ய மனம் வராவிட்டால் நகையை மாற்றவே வேண்டாம் என்பேன். ஆறு மாதத்தில் நகைக்கடனும் பெருத்து, கார்டும் நிறைந்து நிற்கும்.

அடுத்தது தெரிந்தவரின் 40,000. மாதம் 1,200 கொடுக்கிறீர்கள், அசல் அப்படியே இருக்கிறது. இதற்குத்தான் சீட்டு. அடுத்த ஏலங்களில் தள்ளி, அதாவது 50,000 ரூபாயில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, எடுங்கள். எவ்வளவு வரை தள்ளலாம் என்பதற்கு உங்களிடமே அளவுகோல் இருக்கிறது: மீதி மாதங்களை 1,200 ஆல் பெருக்குங்கள். ஒன்பதாவது மாதம் எடுத்தால் மீதி 11 மாதம், 13,200 ரூபாய் வட்டி மிச்சமாகும். கமிஷனையும் சேர்த்து 9,500 தள்ளி 40,500 கையில் வந்தாலும் லாபம்தான். போட்டி அதிகமாக இருந்தால் ஓரிரு மாதம் பொறுங்கள். சீட்டு நிறுவனம் ஜாமீன் கேட்கும், இப்போதே ஆள் பார்த்து வையுங்கள். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டுதானா என்றும் பாருங்கள். தெருவில் ஒருவர் நடத்தும் பதிவில்லாத சீட்டு என்றால், சீக்கிரம் எடுப்பதற்கு இன்னொரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழுக் கடனைத் தவணைப்படியே கட்டுங்கள். மைக்ரோ பைனான்ஸ் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் போடக் கூடாது, வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022 முதல் விதி இருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் செலவுப் பட்டியலுக்கு வருகிறேன். நீங்கள் மாதக் கணக்கு எழுதுகிறீர்கள். சம்பளமோ சனிக்கிழமை சனிக்கிழமை வருகிறது. ஆண்டுக்கு 52 சனி. மாதத்துக்கு நான்கு என்று வைத்தால் 48தான். மீதி நான்கு சனிக்கிழமைச் சம்பளம், 31,200 ரூபாய், ஐந்து சனி வரும் மாதங்களில் சுவடு தெரியாமல் கரைந்துபோகிறது. காலண்டரில் அந்த ஐந்தாவது சனிக்கிழமைகளை இப்போதே வட்டமிடுங்கள். வீட்டை நான்கு வாரச் சம்பளமான 31,200 ரூபாயில்தான் நடத்த வேண்டும். முதல் ஐந்தாம் சனிச் சம்பளத்தைக் கடனுக்குக் கொடுக்காதீர்கள். அஞ்சலகத்திலோ வங்கியிலோ தனியாகப் போடுங்கள். ஆர்டர் இல்லாத வாரத்துக்கு அது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதி கம்பெனிகள் ஷிப்டைக் குறைத்ததை நீங்கள் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு வாரம் சம்பளம் இல்லாமல் போனால் அடுத்து தண்டல்காரர்தான் கண்ணில் படுவார். 8,500 கையில் கொடுத்து, நூறு நாள் தினம் நூறு ரூபாய் வாங்கும் தண்டலின் உண்மை வட்டி ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம், அதாவது பத்து வட்டி. அடுத்தடுத்த ஐந்தாம் சனிச் சம்பளம் நகைக்கடன் அசலுக்குப் போகட்டும்.

பட்டியலில் 'விசேஷம், மொய்: சராசரி 2,500' என்று எழுதியிருக்கிறீர்கள். மொய் சராசரியாக வருவதில்லை. ஆடியில் ஒன்றும் இருக்காது. ஆவணியிலும் தையிலும் ஒரே வாரத்தில் மூன்று பத்திரிகை வரும். நீங்கள் கார்டைப் பெரிய தொகைக்குத் தேய்த்த மாதங்களைப் பாருங்கள்: ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆவணியில் இரண்டு கல்யாணம், நகை வட்டி கட்டிய மாதம். வீடு பெரிய கடன் வாங்குவது அரிசிக்காக இல்லை, தேதி தெரிந்தே வரும் இந்தப் பெரிய செலவுகளுக்காகத்தான். மொய் நோட்டை எடுத்துப் புரட்டினால், யார் வீட்டில் பிள்ளைகள் கல்யாண வயதில் இருக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது முக்கால்வாசி தெரிந்துவிடும். வட்டி இல்லாத கடன் அது, நாள் குறிப்பது மட்டும் அடுத்தவர் கையில். வாங்கியதைத் திருப்பிச் செய்யுங்கள். இந்த இரண்டு ஆண்டுக்குக் கூட்டிச் செய்ய வேண்டாம். வாங்காத இடத்துக்குப் போய் வாழ்த்திவிட்டு வந்தால் போதும். பள்ளிக் கட்டணத்துக்கும் மொய்க்கும் வாரம் 600 ரூபாய் தனி டப்பாவில் போட்டு வாருங்கள்.

சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றம் சொல்கிறேன். மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் தோசை மாவுப் பாக்கெட் வாங்குகிறீர்கள். ரேஷனில் நின்றால் அரை ஷிப்ட் போய்விடுகிறது என்கிறீர்கள், நியாயம்தான். ஆனால் மாதத்தில் ஒரு நாள் கணவரோ நீங்களோ முறை வைத்துப் போனால் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் பாக்கெட் 25 ரூபாய். அந்தப் புழுங்கல் அரிசி சோற்றுக்குப் பிடிக்காவிட்டால் மாவுக்கு நன்றாகவே வரும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். ஞாயிற்றுக்கிழமை அரைத்தால் புதன், வியாழன் வரை போகும். முட்டையிலும் பருப்பிலும் கை வைக்காதீர்கள்.

கார்டும் தெரிந்தவர் கடனும் முடிந்தால் 4,300 ரூபாய் மாதா மாதம் விடுபடும். அதை அப்படியே வங்கி நகைக்கடனுக்குக் கட்டுங்கள்: 1,770 வட்டி, மீதி அசல். அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட அனுமதிக்கும் திட்டமா என்று கடன் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஓராண்டில் சீட்டும், அதையடுத்து குழுக் கடனும் முடியும்போது மாதம் 10,000 ரூபாய் வரை அதற்குப் போகும். ஐந்தாம் சனிச் சம்பளத்தையும் சேர்த்தால் இரண்டரை ஆண்டுக்குள் நான்கு பவுனும் வீட்டுக்கு வரும். தீபாவளி போனஸில் பாதியைக் கொடுத்தால் இன்னும் முன்பே.

கார்டு நிறுவனம் 'பாதி கட்டினால் போதும், முடித்துக்கொள்ளலாம்' என்று பேரம் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் கடன் முடிந்தது என்று வராது, பேரம் பேசித் தீர்த்தது என்றுதான் பதிவாகும். பின்னால் வங்கிக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். முழுதும் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்குங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து உங்கள் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அது இலவசம். கார்டுக் கணக்கு அதில் மூடப்படாமல் இருந்தால், அந்தக் கடிதத்தின் நகலை இணைத்துத் திருத்தம் கேட்டு எழுதுங்கள்.