வெள்ளைத் தரையை நம்பாதீர்கள்

கேள்வி: கலிபோர்னியாவில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஜூன் இரண்டாவது வாரத்தில் லாசன் எரிமலை தேசியப் பூங்காவுக்கு இரண்டு நாள் போகலாம் என்கிறான். பேத்திக்கு 9 வயது, பேரனுக்கு 12. இருவரும் ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள். கொதிக்கும் சேற்றுக்குப் பக்கத்தில் அவர்களை அழைத்துப் போகலாமா? எனக்கு முழங்கால் வலி. நான் காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?
– ஒரு வாசகி

பதில்: முதலில் தேதியை மாற்றச் சொல்லுங்கள், அம்மா. அந்தப் பூங்காவைக் குறுக்கே கடக்கும் சாலை ஏறக்குறைய 2,600 மீட்டர் உயரம் வரை போகிறது. பல ஆண்டுகளில் ஜூன் மாதத்திலும் அதைப் பனி மூடியிருக்கும். நான் முதல்முறை ஜூன் தொடக்கத்தில் போய், பாதி வழியில் அடைத்திருந்த தடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்த ஏமாற்றம் குழந்தைகளுக்கு வேண்டாம். ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ போங்கள். கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தில் சாலையும் பாதைகளும் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்கும் கொதிசேறு 'பம்பஸ் ஹெல்' என்ற இடத்தில் இருக்கிறது. பேரக்குழந்தைகளை அங்கே கட்டாயம் அழைத்துப் போங்கள். ஆனால் வண்டியை விட்டு இறங்கும் முன்பே அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுங்கள். 1860-களில் பம்பஸ் என்பவர் அங்கே வழிகாட்டியாக இருந்தார். உறுதியான நிலம் என்று நினைத்து அவர் கால் வைத்த இடம் மெல்லிய ஓடு. அது உடைந்து, கால் கொதிக்கும் சேற்றுக்குள் போய் வெந்தது. கடைசியில் அந்தக் காலையே அவர் இழந்தார். இடத்தை நன்கு அறிந்த மனிதருக்கே அந்தக் கதி.

கொப்பளிக்கும் குழியைக் கண்டால் குழந்தைகள் தாமாகவே ஒதுங்குவார்கள். நான் பயப்படுவது அதைச் சுற்றி வெள்ளையாகவும் மஞ்சளாகவும் காய்ந்து கிடக்கும் தரையை நினைத்துத்தான். பார்வைக்கு அது வெயிலில் வெடித்த களிமண் போலச் சாதுவாக இருக்கும். அடியிலிருந்து ஏறும் அமில ஆவி பாறையை அரித்து மாவாக்கிவிட்டிருக்கும். அங்குள்ள பெரிய ஆவித்துளை ஒன்றில் 161 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் பதிவாகியிருக்கிறது. ஆகவே பலகைப் பாதை தொடங்கியதும் ஆளுக்கொரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொப்பி பறந்து விழுந்தால் போகட்டும். எடுக்க இறங்க வேண்டாம். போக 2.4 கிலோமீட்டர், வர அதே தூரம். கந்தக வாடை தலையைக் கிறுகிறுக்க வைத்தால் உடனே திரும்பிவிடுங்கள்.

லாசன் சிகரத்துக்குப் போய்வர 8 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர். பேரனால் முடியும். பேத்திக்கு மூச்சு வாங்கினால் வற்புறுத்தக் கூடாது. விடியற்காலையில் ஏறத் தொடங்குங்கள். பிற்பகலில் இடி மின்னல் வந்தால் அந்த மொட்டை மலையில் ஒதுங்க இடமில்லை. சின்டர் கோன் என்ற கரிய கூம்பு மலையை இந்த முறை விட்டுவிடலாம். அதற்கு வேறு சாலையில் சுற்றிப் போக வேண்டும். சரிவு முழுவதும் தளர்ந்த கசடு, வைத்த கால் பின்னுக்கு வழுக்கும்.

நீங்கள் காரில் உட்காரவே வேண்டாம். 1915 மே மாதம் லாசன் சிகரம் வெடித்தபோது பனியும் பாறையும் சேறுமாகச் சரிந்து, வடகிழக்கே இருந்த காட்டை வழித்துக்கொண்டு போனது. 'டெவஸ்டேட்டட் ஏரியா' என்ற அந்த இடத்தில், சாலையோரமாகவே சமதளமான சிறு நடைபாதை ஒன்று இருக்கிறது. உங்கள் முழங்கால் தாங்கும். அன்று மேலிருந்து வந்த பாறைகள் வழியெங்கும் கிடக்கின்றன. பேத்தியை உடன் வைத்துக்கொண்டு, அவை உருண்டு வந்த சரிவை எதிரே நிற்கும் மலையில் காட்டுங்கள். அந்த நேரத்தில் உங்கள் மகனும் பேரனும் அதன் உச்சியில் இருக்கலாம்.