ஒருமுறை உட்கார்ந்தால் தீரும் தொல்லைகள்: கேள்வி பதில்

"தினமும் உங்களை எரிச்சலூட்டும் சின்ன விஷயம் எது?" என்று போன வாரம் கேட்டிருந்தேன். மூட்டை மூட்டையாக வந்து விழுந்திருக்கிறது. 20 வருடமாக அலுவலக நிர்வாகம் பார்க்கிறேன். அடுத்தவரின் சில்லறைத் தொல்லைகளைத் தீர்க்கத்தான் எனக்குச் சம்பளமே. ஒருமுறை மெனக்கெட்டால் மறுபடி தலைகாட்டாத தொல்லைகளை மட்டும் எடுத்திருக்கிறேன். டிராஃபிக்குக்கு என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி (மதுரை): கடையில் ஸ்கேன் செய்து கட்டினேன். என் கணக்கில் பணம் போய்விட்டது, கடைக்காரர் வரவில்லை என்கிறார். மறுபடியும் கட்டிவிட்டு வந்தேன். முதலில் போன பணம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்கென்றே கெடு வைத்திருக்கிறது. கடைக்குக் கட்டியது போய்ச் சேரவில்லை என்றால், கட்டிய நாள் போக 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தனிநபருக்கு அனுப்பியது என்றால் மறுநாளே. அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் சேர்த்து வரவு வைக்க வேண்டும், நீங்கள் கேட்காமலேயே. பலருக்கு இந்த 100 ரூபாய் சமாச்சாரமே தெரியாது.

வராவிட்டால், பணம் கட்டிய ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறங்கள். 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு அங்கேயே புகார் கொடுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். 30 நாளாகியும் வங்கி சரிசெய்யவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பு அதிகாரியிடம், போங்கள்.

ஒரு பரோட்டா கடையில் நானும் இப்படி 180 ரூபாயை இரண்டு முறை கட்டியிருக்கிறேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, பின்னால் வரிசை, கல்லாவில் இருந்தவர் முறைக்கிறார். கூச்சத்தில் மறுபடி ஸ்கேன் செய்துவிட்டேன். முதல் 180 மறுநாள் காலையில் வந்தது. அன்றிலிருந்து சட்டைப் பையில் எப்போதும் ஒரு 200 ரூபாய் நோட்டு. இன்னொன்று: நம்பரை மாற்றிப் போட்டு யாருக்கோ அனுப்பிவிட்டால் இந்த விதி உதவாது. அங்கே பணம் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆள்தான் தப்பு.

கேள்வி (திருப்பூர்): சார், எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். 10 நிமிடத்துக்கு ஒரு வாட்ஸ்அப். மாலையில் பார்த்தால் ஒரு வேலையும் முடிந்திருக்காது.

பதில்: 1980களின் கடைசியில் இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர் படிப்பில் மனம் நிற்காமல், தக்காளி வடிவ சமையலறை டைமரை முறுக்கி வைத்துக்கொண்டு படித்தார். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. இத்தாலியில் தக்காளிக்குப் பொமொடோரோ என்று பெயர், முறைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. என் அபிப்பிராயம், கணக்கு வேலைக்கு 25 நிமிடம் பத்தாது. வங்கி ஸ்டேட்மென்ட்டை டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருப்பதோடு ஒப்பிட உட்கார்ந்தால் சூடு பிடிக்கவே 15 நிமிடம் ஆகும். நான் 45 வைக்கிறேன்.

ஆனால் டைமர் பாதி வேலைதான் செய்யும். மேலே இருப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "சார், 11.30க்கும் 4 மணிக்கும் மெசேஜ் பார்த்துப் பதில் போட்டுவிடுவேன். அவசரம் என்றால் போனே போடுங்கள்." முதல் வாரம் போன் வரும். போன் போடுவது அவருக்கும் சிரமம்தானே, பாதி அவசரம் தானாக அடங்கிவிடும்.

கேள்வி (கோவை): லோன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று ஓயாமல் போன்.

பதில்: 1909க்குக் கூப்பிட்டு, விளம்பர அழைப்பு வேண்டாம் என்று உங்கள் எண்ணைப் பதிந்துவிடுங்கள், காசு கிடையாது. முறைப்படி பதிவு செய்த விளம்பர அழைப்புகள் 140 என்றுதான் தொடங்கும், அவை குறையும். சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து தொல்லை செய்பவர்கள்தான் பெரிய தலைவலி. பிளாக் செய்வதோடு விடாமல், அழைப்பு வந்த 7 நாளுக்குள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி (தொல்லை செய்யாதே) ஆப்பில் புகார் போடுங்கள். நீங்கள் பிளாக் செய்தால் உங்களுக்கு மட்டும்தான் நிம்மதி. புகார் சேர்ந்தால் அந்த இணைப்புக்கே ஆபத்து.

கேள்வி (சென்னை): ஒரு ஆப்பை 1 ரூபாய்க்கு முயன்று பார்த்து அழித்தும்விட்டேன். மாதாமாதம் 299 போகிறது!

பதில்: தம்பி, ஆப்பை அழித்தால் ஆப் மட்டும்தான் போகும், நீங்கள் கொடுத்த அனுமதி வங்கியில் அப்படியே இருக்கும். பணம் கட்டும் ஆப்பில் "ஆட்டோபே" என்ற பகுதியைத் திறந்து ரத்து செய்யுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது விதி. வந்திருக்கும், ஓடிபி குப்பைக்குள் புதைந்திருக்கும்.

கேள்வி (தஞ்சாவூர்): சொந்தக்காரர்கள் குரூப்பில் தினமும் 60 "காலை வணக்கம்". வெளியேறினால் சண்டை வரும்.

பதில்: வாட்ஸ்அப்பில் 2022 முதல் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஆனால் உங்கள் குரூப்பில் அட்மின் சித்தப்பாவாக இருந்தால் அது எல்லோருக்கும் தெரிந்த மாதிரிதான். பேசாமல் மியூட் செய்து ஆர்கைவில் போட்டுவிடுங்கள். படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை எட்டிப் பார்த்து, யாருக்குப் பிறந்தநாள், யார் வீட்டில் விசேஷம் என்று தெரிந்துகொண்டால் போதும்.

கேள்வி (திருச்சி): ஃபைலை இணைக்காமலே மெயில் அனுப்பிவிடுகிறேன். மானம் போகிறது.

பதில்: ஜிமெயில் செட்டிங்ஸில், அனுப்பியதை நிறுத்த உதவும் "அன்டூ சென்ட்" 5 நொடியில் இருக்கும், 30 ஆக்குங்கள். அப்புறம், முதலில் ஃபைல், பிறகு கடிதம், பெறுபவர் முகவரி கடைசியில். முகவரி இல்லாத மெயிலை எவ்வளவு அவசரத்தில் அழுத்தினாலும் அது போகாது.

கேள்வி (நாகர்கோவில்): வண்டிச் சாவி.

பதில்: வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு ஆணி.