தோட்டத்தின் பெயர் இருக்கிறது, ஊர் தெரியவில்லை: பூர்வீகத்தைத் தேடுவது எப்படி?

கேள்வி: யீஷூனில் வசிக்கிறேன். என் தாத்தா 1932-இல் பேராக்கில், பத்து காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 1950களில் சிங்கப்பூருக்கு வந்து துறைமுகத்தில் வேலை பார்த்தார். அவருடைய பிறப்புப் பத்திரத்தில் தகப்பனார் பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டுமே இருக்கின்றன. தமிழ்நாட்டில் எங்கள் ஊர் எது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தாத்தாவின் தங்கை, எண்பது வயதைத் தாண்டியவர், ஈப்போவில் இருக்கிறார். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: பலரும் பூட்டனாரின் (தாத்தாவுடைய தகப்பனாரின்) பெயரை இணையத்தில் போட்டுத் தேடி ஓய்ந்துபோகிறார்கள். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே முனியாண்டியை ஒரு கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஒருவிதமாகவும் அடுத்த கிராணி வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஆளை விட்டுவிட்டுத் தோட்டத்தைத் தேடுங்கள் என்றுதான் நான் எல்லாருக்கும் சொல்வேன்.

பத்து காஜா இருப்பது கிந்தாப் பள்ளத்தாக்கில். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளெடாங் மலை, நடுவே கிந்தா ஆறு. 1874-இல் பங்கோர் ஒப்பந்தம் வழியாகப் பிரிட்டிஷார் பேராக்கில் கால் ஊன்றிய பிறகு வெள்ளீயச் சுரங்கங்கள் இந்தப் பள்ளத்தாக்கைச் சீனர்களால் நிரப்பின. தமிழர்கள் தண்டவாளம் போட்டார்கள், சடக்கு (சாலை) போட்டார்கள். பிறகு ரப்பர் விலை ஏறியதும் காடு அழித்துப் பால்மரம் நட்டார்கள். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் அமைத்த கிந்தா கெல்லாஸ் தோட்டமும், 1926-இல் அவர் இறந்ததால் கட்டி முடிக்கப்படாமல் நிற்கும் மாளிகையும் பத்து காஜாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. தொழிலாளர்களுக்காக அங்கே எழுந்த மாரியம்மன் கோயிலின் மேல், தெய்வ உருவங்களோடு அவர் உருவமும் நிற்பதை இன்றும் பார்க்கலாம். உங்கள் தோட்டத்திலும் ஒரு கோயில் இருந்திருக்கும். அந்தக் கோயிலின் உபயப் பலகையும் திருவிழா வரவு செலவு நோட்டும் நமக்கு ஆவணங்கள்தான்.

பூட்டனார் எப்போது வந்திருப்பார்? ஒப்பந்தம் போட்டு ஆள் கொண்டுவந்த சஞ்சிக்கூலி முறை 1910-இல் முடிந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் 1930-இல் ஆள் எடுப்பதை நிறுத்தி, வேலையில் இருந்தவர்களையும் பெருமளவில் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். தாத்தா 1932-இல் பிறந்திருப்பதால், பூட்டனார் பெரும்பாலும் 1930-க்கு முன்பே, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேற்பார்வையாளரான ஒரு கங்காணியோடு வந்திருக்க வேண்டும். கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய் உறவுக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் திரட்டுவார். நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாமில் வைத்துக் கப்பல் ஏற்றுவார்கள். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகச் சில நாள் நிறுத்திவைத்த பிறகே தோட்டம் போய்ச் சேருவார்கள். இப்படி ஒரே ஊர்க்காரர்கள் ஒரே லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) குடியிருந்தார்கள். அதே தோட்டத்தில் இருந்த வேறொரு குடும்பத்துக்குத் தங்கள் ஊர் தெரிந்திருந்தால் அது உங்கள் ஊராகவும் இருக்கலாம். ஆனால் ஒரு தோட்டத்தில் நாலைந்து கங்காணிகள் இருப்பார்கள். எந்தக் கங்காணியின் கூட்டம் என்று விசாரிக்க மறக்காதீர்கள்.

தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கும், தமிழர்கள் வாயில் வேறொரு பெயர் இருக்கும். 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றதில், கைமாறி, பெயரே இல்லாமல் போனவையும் உண்டு. நம் தேசிய நூலக வாரியம் மின்னாக்கம் செய்திருக்கும் பழைய ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ ஆங்கில நாளிதழில் ரப்பர் கம்பெனிகளின் விளைச்சல் கணக்கும் ஆண்டுக் கூட்டச் செய்திகளும் வரும். தோட்டத்தின் பெயரை அங்கே தேடினால் கம்பெனி பிடிபடும். தமிழ் முரசின் பழைய இதழ்களையும் ஒரு கை பாருங்கள்.

வீட்டில் பழைய தகரப் பெட்டி ஏதாவது இருக்கிறதா? ஊரிலிருந்து வந்த கடிதம், மணியார்டர் ரசீது என்று ஒன்று கிடைத்தாலும் போதும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட உறையின் மேல் இருக்கும் வட்ட முத்திரையைக் கவனியுங்கள். மை மங்கியிருந்தால் உறையைச் சாய்த்து, பக்கவாட்டில் வெளிச்சம் காட்டிக் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். அஞ்சலகப் பெயரில் நாலு எழுத்து தெரிந்தால்கூடத் தாலுகா வரை போய்விடலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அன்றைய திருச்சி ஜில்லா இன்று கரூர், பெரம்பலூர், அரியலூர் என்று பிரிந்து கிடக்கிறது. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை பிரிந்தன.

பட்டா, சிட்டா தேட இப்போதே செலவு செய்யாதீர்கள். தோட்டத்துக்கு வந்தவர்களில் மிகப் பலர் சொந்த நிலம் இல்லாத, சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்கள். நிலப் பதிவேட்டில் அவர்கள் பெயரே ஏறியிருக்காது. ஊர் தெரிந்த பிறகு, அங்கே கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று) வாங்கும் நோட்டைக் கேளுங்கள். ‘மலேயாக்காரர் வீடு’ எது என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். மரபணுச் சோதனை ஊர்ப் பெயரைச் சொல்லாது.

தாத்தாவின் உடன்பிறந்தவர்களுடைய பிறப்புப் பதிவு, பெற்றோரின் இறப்புப் பதிவு ஆகியவற்றுக்கு மலேசியத் தேசியப் பதிவிலாகாவை அணுகலாம். குடும்பத்தில் யாராவது 1942, 1943 வாக்கில் காணாமல் போயிருந்தால், ஜப்பானியர்கள் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். பல வீடுகளில் அதை இன்னும் பேசுவதில்லை.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த மாதமே ஈப்போ போய்ப் பாட்டியைப் பாருங்கள். ‘நம்ம ஊர் எது பாட்டி?’ என்று கேட்டால் ‘தெரியலையே கண்ணு’ என்றுதான் பதில் வரும். குலதெய்வத்தின் பெயரைக் கேளுங்கள். முடி இறக்க எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள், அவருடைய அம்மா எந்தச் சந்தையைப் பற்றிப் பேசுவார், எந்த ஆற்றில் குளித்ததாகச் சொல்வார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சமயபுரம் என்றால் திருச்சிப் பக்கம் தேடலாம். பக்கத்து லயத்துக்காரர்களின் பெயர்களையும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் ஒரு தாலாட்டோ ஒப்பாரியோ பாடினால் குறுக்கே பேசாதீர்கள். ஊர்ப் பெயர் அதற்குள்ளேயே வருவதுண்டு.