ஓய்வு பெற்ற அப்பா இரவில் கத்தி எழுவது பற்றி

கார்கிலில் இருந்த அப்பா, ஆவடி வீட்டில் இப்போது நடுராத்திரியில் கத்தி எழுகிறார், டாக்டர் என்றாலே எரிந்து விழுகிறார், வயசுக் கோளாறுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். வயசு என்று விட்டுவிடாதீர்கள். போர் அனுபவத்தின் பாதிப்பு பல வருடம் கழித்தும், ஓய்வுக்குப் பிறகும் தலைதூக்குவது உண்டு.

எனக்கு உங்கள் அம்மாவைப் பற்றித்தான் கூடுதல் கவலை. 'ஹாலில் படுக்கிறார்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! வியட்நாம் போர் வீரர்களைப் பற்றி 1980களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு மனைவிகளையும் விசாரித்தது. இந்தப் பாதிப்பு உள்ளவர்களின் வீட்டில் மனைவிகளுக்கும் மன உளைச்சல் அதிகம் இருந்தது.

அப்பாவிடம் 'மனநலம்' என்று ஆரம்பிக்க வேண்டாம். தூக்கத்துக்கும் பிபிக்கும் காட்டலாம் என்று சொல்லி ஆவடியில் உள்ள இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்குக் கூட்டிப் போங்கள். மெடிக்கல் ஆபீசரிடம் முன்கூட்டியே தனியாகப் பேசி, மனநல மருத்துவருக்கு ரெஃபரல் கேளுங்கள். அப்பா ரம் எவ்வளவு குடிக்கிறார் என்பதையும் மறைக்காதீர்கள். அம்மாவும் அதே திட்டத்தில் வருவார், அவரையும் காட்டுங்கள்.

அப்புறம், அப்பா மிரண்டு எழும்போது தொட்டு உலுக்காதீர்கள். தள்ளி நின்று விளக்கைப் போட்டு, கூப்பிடுங்கள். அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.